முதுகுதின்னி

டெய்லரக்கா கண்ணை நம்பமாட்டாள். வாயை அதைவிட நம்பமாட்டாள். "என் இடுப்பு முப்பத்திரண்டுதான்" என்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களை வருஷக்கணக்காகப் பார்த்தவள் அவள். "மூச்சை விடுங்க, அப்புறம் பேசலாம்" என்பாள். அவளுக்கு வேதவாக்கு ஒன்றே ஒன்றுதான். கழுத்தில் மாலைபோலத் தொங்கும், அளவெடுக்கிற துணி நாடா. இந்தக் கடையில் முதன்முதலாக மெஷின் முன்னால் உட்கார்ந்த வாரம் வாங்கியது. ஓரம் நைந்து, மஞ்சள் வெளுத்து, எண்கள் அழிந்த இடங்களிலெல்லாம் அவளே பேனாவால் எழுதி வைத்திருந்தாள். அழுக்கானால் சோப்புப் போட்டு அலசி, இழுத்துக் கட்டிக் காயவைத்து, இஸ்திரியும் போடுவாள்.

"புதுசு ஒண்ணு வாங்கிக்கக் கூடாதாக்கா? இதை மியூசியத்துல கேட்டாலும் கேப்பாங்க" என்பாள் காஜா எடுப்பவள். பொத்தான் துளைகளுக்கு நூல் கட்டுவதும் பொத்தான் தைப்பதும் அவள் வேலை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் புத்தி சொல்வது உபதொழில்.

"புதுசுல என்ன இருக்கு? பிளாஸ்டிக். சுருட்டி வச்சா சுருண்டே கிடக்கும். இது என் பேச்சைக் கேக்கும்."

நாடாவாவது, பேச்சைக் கேட்பதாவது. ஆனால் டெய்லரக்காவிடம் அந்த விஷயத்தில் வாதம் செய்து ஜெயித்தவர் யாரும் இல்லை. போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து, பிள்ளைகளின் அளவை அவர்களே எடுத்து அனுப்பி, கால்சட்டை தைக்கக் கொடுத்தார்கள். தைத்துக் கொடுத்ததெல்லாம் கொஞ்சம் நீளம் என்று திரும்பி வந்தபோதுகூட, "பிள்ளைங்க வளருவாங்க, மடிச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் அளவெடுத்ததில் கோளாறு என்பது அவள் தீர்ப்பு.

கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். செருப்புத் தைக்கும் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒடுங்கிய ஓர் அறை. இரண்டு மெஷின், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் ஒன்று, கட்டிங் மேஜை, மூலையில் திரை போட்ட டிரையல் ரூம். டெய்லரக்காவின் மகள் பட்டாணி பிறந்ததிலிருந்து அந்த டிரையல் ரூம் அவளுக்குச் சொந்தமாகிவிட்டது. பட்டாணிக்குப் பசித்தால் டெய்லரக்கா மெஷினை நிறுத்திவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு திரைக்குள் போய்விடுவாள். எப்பேர்ப்பட்ட வாடிக்கையாளரும் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே காத்திருக்க வேண்டியதுதான். உள்ளேயிருந்து சப்புக்கொட்டும் சத்தம் வரும். வெளியே நிற்கிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், தரையைப் பார்ப்பார்கள், கடைசியில் சிரித்துவிடுவார்கள்.

பட்டாணி பிறந்தபோது டெய்லரக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு. புருஷனும் பெண்டாட்டியும் காத்திருந்து, அலைந்து, இனி நமக்கு நாம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு, நான் வந்தாச்சு என்று வந்து நின்றவள். அதனால் அவளைப் பார்க்கும்போதெல்லாம் டெய்லரக்காவுக்குச் சந்தோஷம் ஒரு பங்கு, பயம் ஒரு பங்கு. பயத்துக்குக் காரணம் டெய்லரக்காவுக்கு இருந்த இன்னொரு பெயர்.

பிறந்த வீட்டில் டெய்லரக்காவுக்கு முதுகுதின்னி என்று பெயர். வைத்தவர் பெரியண்ணன். அவளுக்கும் அவருக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அம்மாவுக்கு நாற்பது தாண்டிய பிறகு, எல்லாருக்கும் கடைசியாகப் பிறந்தவள் இவள். பள்ளிக்கூடம் போகிற வயதுவரைக்கும் தாய்ப்பாலை விடவில்லையாம். பின்னால் அம்மாவின் முதுகு வளைய ஆரம்பித்ததும், காரணம் தேடி யாரும் தூரம் போகவில்லை. கடைக்குட்டி உறிஞ்சிய உறிஞ்சில் எலும்பு ஓட்டையாகிவிட்டது என்று அத்தை சொன்னாள், சித்தி ஆமோதித்தாள், அண்ணன் பெயர் சூட்டினார். ஆசையாகத்தான் கூப்பிடுவார். "முதுகுதின்னி, சாப்பிட்டியா?" என்று கேட்பார். ஆசையாகச் சொல்வதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. அவளும் சிரித்துவைப்பாள்.

ஆனால் அந்த முதுகை அளந்தவள் அவள்தான். அம்மாவுக்கு உடுப்பெல்லாம் அவள் கையால்தான் தைத்தாள். கூன் விழுந்தவர்களுக்கு முன்பக்கத்தைக் குட்டையாகவும் பின்பக்கத்தை நீளமாகவும் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் தரையில் புரண்டு காலைத் தட்டிவிடும், பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். வருஷத்துக்கு வருஷம் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் கூடிக்கொண்டே போனது. அம்மாவின் முதுகில் நாடாவை ஓட்டும்போதெல்லாம், இது நான் தின்ற இடம், இது நான் தின்ற இடம் என்று அவளுக்குத் தோன்றும். கேட்டுவிடலாமா என்று வாய்வரை வரும். அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து அவள் முகத்தைப் பார்த்து, "முன்னாடி இன்னும் கொஞ்சம் ஏத்தி வைம்மா, தடுக்குது" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அம்மா போய்ச் சேர்ந்தும் சில வருஷம் ஆகிவிட்டது.

பட்டாணியின் முதல் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊராருக்கெல்லாம் தைக்கிறவள் தனக்கென்று ஒரு நல்ல கவுன் தைத்து எத்தனையோ காலமாயிற்று. கண்ணாடிபோல வழுக்கும் நீலத் துணி ஒன்றைத் தனக்காக எடுத்து வைத்திருந்தாள். பழைய அட்டை வடிவத்தை வைத்து வெட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பிள்ளை பெற்ற உடம்பாயிற்றே, புதிதாக அளப்போம் என்று காஜாக்காரியிடம் நாடாவைக் கழற்றிக் கொடுத்தாள்.

இடுப்பு கூடியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். பின்கழுத்திலிருந்து தரைவரை வைத்துப் பார்த்துக் காஜாக்காரி, "ஐம்பத்தஞ்சு" என்றாள்.

"ஐம்பத்தாறு. சரியாப் பாரு."

"சரியாத்தான்கா பாத்தேன்."

டெய்லரக்கா சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். குதிகாலை அழுத்தினாள். தாடையை நிமிர்த்தினாள். மறுபடியும் ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு என்பது அவளுக்குத் தன் பெயரைப்போல மனப்பாடம். இந்த நாடா வாங்கிய புதிதில், இதே நாடாவால், இதே கடையில் எடுத்த அளவு. ஆக, ஒரு இஞ்ச் காணவில்லை.

உங்களுக்கும் எனக்கும் ஒரு இஞ்ச் என்பது ஒரு இஞ்ச். தையல்காரிக்கு அது ஒரு சட்டையின் தலையெழுத்து. அதுவும், கூன் போடுவதற்கு முன்னால் உயரம்தான் முதலில் குறையும் என்று அம்மாவைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்தவளுக்கு, அந்த ஒரு இஞ்ச் எங்கே போயிற்று என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டிங் மேஜைக்கு அடியில் தொட்டிலில் கிடந்த பட்டாணி தன் கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். 

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் நிஜமாகவே பதறிப்போனார். "அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கும். இந்த வயசுல பால் குடுக்கிறது விளையாட்டா? முதல்ல நிறுத்து, முதுகுதின்னி. பிள்ளைக்குப் பால் மாவு இருக்கு. உனக்கு மாத்து முதுகு இருக்கா?"

அவள் புருஷன் பஸ் டிரைவர். எதையும் அலட்டிக்கொள்ளாத மனிதர். "எனக்குத் தெரிஞ்ச எலும்பு எல்லாம் கிளட்ச் மிதிச்சு வலிக்கிற முட்டி எலும்புதான். டாக்டரைப் போய்க் கேளு. அண்ணன் எப்ப டாக்டருக்குப் படிச்சார்?" என்றார்.

டாக்டரிடம் மறுவாரம்தான் நேரம் கிடைத்தது. அதுவரை சும்மா இருக்க அவளால் முடியவில்லை. பாலை நிறுத்திவிட்டாள்.

நிறுத்திவிட்டாள் என்று நான் ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். பட்டபாடு பட்டவர்களுக்குத்தான் தெரியும். பட்டாணி புட்டியை வாங்கிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், எட்டிய தூரத்துக்கு வீசினாள். தவழ்ந்துபோய் டிரையல் ரூம் திரையைப் பிடித்து இழுத்து, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு அம்மாவுக்காகக் காத்திருந்தாள். அம்மா வரவில்லை என்றதும் அழுதாள். செருப்புக் கடைக்காரர் வந்து என்ன ஏது என்று விசாரிக்கிற அளவுக்கு அழுதாள். டெய்லரக்காவுக்கு மார்பு கல்லாகக் கனத்தது. பிள்ளை குரல் கேட்டதும் பால் தானாகப் பெருகி, தைத்துக்கொண்டிருந்த நர்ஸ் கோட்டு நனைந்துபோனது. வெள்ளைக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளும் அழுதாள்.

"தண்டனை யாருக்குக்கா? உனக்கா, பாப்பாவுக்கா?" என்று கேட்டாள் காஜாக்காரி.

"இவ பெரியவளாகும்போது நான் தரையைப் பாத்துக்கிட்டு நடக்கணுமா? இவ முகத்தைப் பாக்க நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து நிக்கணுமா? அதைவிட இது மேல். நாளைக்கு இவளையும் நாலு பேர் முதுகுதின்னின்னு சொல்லக் கூடாது."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான், அது எத்தனை வருஷமாக உள்ளே கிடந்தது என்று அவளுக்கே தெரிந்தது. காஜாக்காரி குனிந்து பொத்தானைத் தேடினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று புருஷன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். எலும்பு டாக்டர் ஒரு பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவர். முதலில் முதுகை ஒவ்வொரு கணுவாகத் தட்டிப் பார்த்தார். எங்காவது சுருக்கென்று வலிக்கிறதா என்று கேட்டார். பிறகு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். படம் வந்ததும் விளக்குப் பலகையில் மாட்டினார். கணுக்கள் அடுக்கி வைத்தாற்போல ஒழுங்காக இருந்தன.

"எதுவும் நொறுங்கல, எதுவும் அமுங்கல. நல்லா இருக்கு" என்றார்.

"ஆனா ஒரு இஞ்ச் குறைஞ்சிருக்கேன் டாக்டர்."

"யார் சொன்னது?"

"நாடா சொல்லுது."

டாக்டர் அவளைச் சுவரோரம் இருந்த உயரம் அளக்கும் கம்பியில் நிற்கவைத்தார். மேல் கட்டையைத் தலையில் இறக்கிப் பார்த்தார். பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டில் அவள் மாசமாக இருந்தபோது எழுதிய உயரத்தோடு ஒப்பிட்டார். "மயிரிழைகூடக் குறையல. அப்படியே இருக்கீங்க."

வேறு யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்திருப்பார்கள். டெய்லரக்காவோ கம்பியை மேலும் கீழும் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கம்பி, யார் யாரோ ஏறி நிற்பது, என்றைக்கு ஆணி கழன்றதோ. "இந்தக் கம்பியை நான் ஒரு தடவை அளந்து பாக்கலாமா?" என்று கேட்டாள். புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அளந்துக்குங்க" என்றார்.

டெய்லரக்கா பையிலிருந்து நாடாவை எடுத்தாள். சென்டிமீட்டர் எழுதிய பக்கத்தைத் திருப்பி, கம்பியின் அடியில் நுனியை வைத்துக் கணவரைப் பிடிக்கச் சொன்னாள். மேலே இழுத்துக்கொண்டே போனாள். நாடா நூற்றைம்பதில் முடிந்தது. அந்த இடத்தில் கம்பியில் இருந்த எண் நூற்றைம்பத்திரண்டைத் தாண்டியிருந்தது.

"பாத்தீங்களா, உங்க கம்பி தப்பு" என்றாள்.

டாக்டர் மேஜை இழுப்பறையைத் திறந்து, குழந்தைகளின் தலையை அளக்கும் சின்ன நாடா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைக் கம்பியில் வைத்துப் பார்த்தாள். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. தன் நாடாவின் மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. கணவர் தன் போன் கவரில் அச்சடித்திருந்த ஸ்கேலைக் காட்டினார். அதுவும் பழைய நாடாவுக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

நாடா நீண்டுபோயிருந்தது. கழுத்தில் தொங்கி, சோப்பில் ஊறி, இழுத்துக் கட்டிக் காய்ந்து, இஸ்திரியில் வெந்து, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுவிட்டது. நீண்ட நாடா எதை அளந்தாலும் குறைத்துத்தான் சொல்லும். ஆனாலும் இத்தனை காலம் யாருக்கும் தெரியவில்லை. அளப்பதும் அதே நாடா, வெட்டுவதும் அதே நாடா. ஆகவே கடைக்கு வந்து அளவு கொடுத்தவர்களுக்கு உடுப்பு கனகச்சிதமாக இருந்தது. எழுதி அனுப்பிய பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் நீளமாகப் போயிற்று. அந்தக் கால்சட்டைகள் நினைவுக்கு வந்ததும் டெய்லரக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்ப பால் குடுத்ததால எனக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்டாள்.

"உட்காருங்க" என்றார் டாக்டர். "ஒண்ணுமே ஆகாதுன்னு சொல்ல மாட்டேன். பால் குடுக்கிறப்ப உடம்பு எலும்புலேர்ந்து கொஞ்சம் கால்சியத்தை எடுத்துத்தான் பாலுக்கு அனுப்பும். முதுகெலும்புல அது நல்லாத் தெரியும். இப்ப எலும்போட அடர்த்தியை அளந்தா குறைவாக் காட்டும், நீங்க இன்னும் பயப்படுவீங்க. அதனால இப்ப அளக்க வேண்டாம். பால் நிறுத்தி, மாதவிலக்கு ஒழுங்காகி, சில மாசம் போகட்டும். பெரும்பாலானவங்களுக்கு உடம்பு அதைத் திரும்ப வச்சிடும். அப்ப அளந்து பாப்போம்."

"என் வயசுக்குமா?"

"வயசானப்புறம் பிள்ளை பெத்தவங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினவங்க எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லல. ஆனா இது நிச்சயம். இருபத்தஞ்சு வயசுக்காரிக்கு எலும்பைத் தேத்திக்க நிறைய வருஷம் இருக்கு. உங்களுக்கு மாதவிலக்கு நிக்கிற வயசு பக்கத்துல இருக்கு. அப்ப எலும்பு மறுபடி இளைக்க ஆரம்பிக்கும். அதனால நீங்க சாப்பாட்டுல, வெயில்ல, நடக்கிறதுல அலட்சியமா இருக்கக் கூடாது. நாள் பூரா மெஷின் முன்னாடி குனிஞ்சே உட்காராதீங்க. ரத்தத்துல வைட்டமின் டி எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டு, தேவைன்னா மாத்திரை தரேன். முதுகுல திடீர்னு கடுமையா வலிச்சா உடனே வாங்க. ரொம்ப அபூர்வமா இந்தச் சமயத்துல சிலருக்கு முதுகெலும்பு உடையறதும் உண்டு. உங்களுக்கு அது இல்ல."

டெய்லரக்கா கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. அம்மாவின் கதையைச் சொன்னாள். தன் பெயரையும் சொன்னாள்.

டாக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். "உங்க அம்மாவை நான் பாத்ததில்ல. அதனால அடிச்சுச் சொல்ல முடியாது. அம்மாவுக்குக் கூன் விழ ஆரம்பிச்சப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்தஞ்சு இருக்கும்."

"நீங்க பாலை மறந்து இருபது வருஷம் கழிச்சு. மாதவிலக்கு நின்னு பதினஞ்சு வருஷமாவது இருக்கும். வயசான பொம்பளைங்க நிறையப் பேருக்கு அப்படித்தான் வருது, பிள்ளையே பெறாதவங்களுக்கும் வருது. உங்க அம்மாவுக்கு யாரும் மருந்து குடுத்தாங்களா? டெஸ்ட் எடுத்தாங்களா?"

"இல்ல. எல்லாரும் என்னைத்தான் சொன்னாங்க."

"அது வைத்தியம் இல்லையே" என்றார் டாக்டர்.

டெய்லரக்காவுக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போல இருந்தது. பட்டாணி அப்பாவின் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். "இவளுக்கு நான் இப்ப குடுக்கலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா. நிறுத்தறதுன்னா நீங்களும் அவளும் சேர்ந்து முடிவு பண்ணுங்க, நாடாவைக் கேக்காதீங்க."

அந்த அறையிலேயே, திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். பட்டாணி ஒரு கணம் நம்பாமல் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். திரைக்கு இந்தப் பக்கம் டாக்டரும் பஸ் டிரைவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் புது நாடா வாங்கினாள். காஜாக்காரி அதை வைத்து அளந்து, "ஐம்பத்தாறு" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தாள். பழைய நாடாவைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. பட்டாணிக்கு விளையாடக் கொடுத்துவிட்டாள். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் சொன்னாள். நாடா கதைக்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவின் முதுகைப் பற்றி டாக்டர் சொன்னதற்கு வந்தபோது சிரிப்பு நின்றுபோனது.

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அம்மாவும் அதைத்தான் சொல்வா" என்றார் அண்ணன். "உன்னை அப்படிக் கூப்பிடறப்பெல்லாம், நீ அந்தப் பக்கம் போனதும் என்னைத் திட்டுவா. 'அவ குடிச்சது பாலைடா, என் முதுகை இல்ல. இன்னொரு தடவை சொன்னே, வாயிலேயே போடுவேன்'னு."

டெய்லரக்காவுக்குக் கண் மறைத்தது. "இதை ஏண்ணா என்கிட்ட ஒரு தடவைகூடச் சொல்லல?"

"நீ சிரிச்சுக்கிட்டே இருந்தியேம்மா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அண்ணனும் எதையோ சரிசெய்கிறவர்போல இரண்டு மூன்று தடவை இருமினார்.

"பட்டாணி எங்க?" என்று கேட்டார்.

"மடியில. குடிச்சுக்கிட்டிருக்கா."

"குடிக்கட்டும்" என்றார் அண்ணன்.